இடப்பக்கப் பால்

ஏழு மணிக்கே உப்பளம் கண்ணைக் கூசுகிறது.
வாலிநோக்கத்தில் பாத்தி முடிந்து
கருவக்காடு தொடங்கும் முனையில்
ஆட்டின் காதைப் பிடித்தபடி மைமூன் நிற்கிறாள்.
பால்கன்னி. கரிய உடம்பு,
முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு.
மூன்று நாளாகக் குட்டியை உதைக்கிறது.

மடியில் கை வைக்கிறேன்.
வலது பக்கம் மடி.
இடது பக்கம், வெயிலில் கிடந்த கல்.
முள் ஏறிய தடம் கடுகளவும் இல்லை.

என் பையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை:
துணி சோப்புத் தூள் கரைத்த தண்ணீர்.
அவள் வீட்டுக் கிண்ணம் இரண்டு வாங்கிக்கொண்டேன்.
வலதில் ஒரு பீச்சு, இடதில் ஒரு பீச்சு.
நிறத்தில் வித்தியாசமில்லை.
வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்தால்
யார் கண்டுபிடிப்பது?

சோப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றுகிறேன்.
வலது, பாலாகவே சுற்றுகிறது.
இடது
மூன்றாம் சுற்றில் தயங்குகிறது,
ஐந்தாம் சுற்றில் கிண்ணத்தோடு வர மறுத்து
நடுவில் குவிந்து நிற்கிறது
இளநுங்குச் சதையாக.

"கெட்டுப்போச்சா?"
"பாலுக்குள்ள ஆள் இறங்கியிருக்கு" என்றேன்.
"யாரு?"

எலும்புக்குள் பிறந்த ஆட்கள்.
இரத்தத்தோடு உருண்டு போய்க்கொண்டிருந்தவர்கள்.
முள் குத்திய சேதி வந்ததும்
குழாயின் சுவர் பசையாகிறது.
உருள்வது தளர்ந்து, ஒட்டி, நின்று,
உடம்பை நாடாவாக ஒடுக்கி
சுவரின் இணைப்புகளுக்கு நடுவே பிதுங்கி
அந்தப் பக்கம் விழுகிறார்கள்.
அங்கே வெளிச்சமில்லை, வாசனைதான் வழி.
இரத்தத்துக்குத் திரும்பும் வழி
பெரும்பாலும் யாருக்கும் இல்லை.
கிடைத்த கிருமியை விழுங்குவார்கள்.
விழுங்கி முடியாதபோது
தன் கருவுக்குள் சுருட்டி வைத்த நூலையே
உருவி வலையாக எறிவார்கள்.
எறிந்தவன் அதோடு சரி.
கிண்ணத்தில் குழைந்து நிற்பது அந்த நூல்தான்,
சோப்பு அவர்கள் தோலைக் கரைத்ததும்
ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட நூல்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
வாய் வரைக்கும் வந்தது.
குட்டி கத்தியது.

மதியம், கடலாடி மருந்தகம்.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, மேலே சாயம்.
நூறு வெள்ளையணு எண்ண வேண்டும்.
கருவில் மூன்று முடிச்சு, நான்கு முடிச்சு என்றால் முதிர்ந்தது.
முடிச்சே விழாமல் லாடமாக வளைந்திருந்தால் பிஞ்சு.
கையிருப்பு தீரும்போது
எலும்பு பிஞ்சுகளையும் அனுப்பிவைக்கும்.
பதினேழு, பதினெட்டு,
இருபத்திரண்டு பிஞ்சு.
எண்ணும் கருவியைக் கீழே வைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கரண்ட் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

சாயங்காலம் ஊசி இரண்டு.
ஒன்று கிருமிக்கு.
மற்றது, சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது,
காப்பாற்ற வந்தவர்களுக்கு.
வந்தவரை போதும் என்று சொல்வதற்கு.
அவர்கள் கக்குவது கிருமியை எரிக்கும்,
பால் ஊறும் அறைகளையும் எரிக்கும்.

மைமூன் ஆட்டின் கொம்பை விடவில்லை.
"எங்க தெருவுல கூரை பத்துனப்ப இப்பிடித்தான்.
நெருப்புக்குப் போனது ஒரு ஓலைப்பாய்.
அணைக்க வந்தவுக மிதிச்சு
பானை சட்டி அம்புட்டும் போச்சு."
பிறகு,
"வராம இருந்திருந்தா ஊரே போயிருக்கும்" என்றாள்,
கோபமாக, யாரிடமோ.

காலையில் கொட்டிய இடத்தைத் தாண்டித்தான் திரும்பினேன்.
வலதுப் பாலை மண் அப்போதே குடித்துவிட்டது.
இடது இன்னும் கிடந்தது,
தோல் காய்ந்து, ஓரத்தில் உப்பு பூத்து.

ஆறு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன்.
வீக்கம் வடிந்திருந்தது.
இடது காம்பு ஒரு புளியங்கொட்டை கனத்துக்கு உள்ளே இறுகியிருந்தது.
குட்டி மோந்துகூடப் பார்க்காமல் வலப்பக்கம் போகிறது.
முள்ளை நாங்கள் கண்டுபிடிக்கவேயில்லை.
மைமூன் அதே கிண்ணத்தில் டீ கொடுத்தாள்.
குடித்தேன்.
லேசாகச் சோப்பு வாடை இருந்ததா,
எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.